ஒரே நோய்... ஒரே பெஞ்சு!

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஜிப்மருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பொழுது விடிவதற்குள் பஸ் பிடித்துவிடுவார்கள். விருத்தாசலத்தில் இறங்கி, புதுச்சேரி போகும் பஸ்ஸைத் தேடி ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்க வேண்டும். வேலூர் என்றால் விழுப்புரம் போய்க் காட்பாடி ரயில். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்றால் முதல் நாள் ராத்திரியே கிளம்பிவிடுவார்கள். இவ்வளவு பாடுபட்டு வந்து சேர்ந்த பிள்ளைக்கு, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையிடமிருந்து புதுக் கிருமி ஒன்று தொற்றிவிடலாம். நுரையீரலை ஆயுளுக்கும் விட்டுப் போகாத கிருமி.

ஆஸ்பத்திரிக்குப் போகும் எல்லோருக்கும் இருக்கும் பொதுவான பயத்தை இங்கே சொல்லவில்லை. 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நோய் உள்ளவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. டாக்டர்கள் சுருக்கமாக 'சி.எஃப்.' என்பார்கள். இந்த நோய் இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால், இந்த நோய் உள்ள ஒருவரின் நுரையீரலில் குடியேறிய கிருமி, இதே நோய் உள்ள இன்னொருவருக்குத் தொற்றும். பெற்ற தாய்க்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. வைத்தியம் பார்க்கும் டாக்டரையும் நர்ஸையும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதே நோயோடு அதே பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளையைத்தான் அது தேடிப் பிடிக்கும்.

பிரைமரி காம்ப்ளக்ஸா, தூசு இருமலா?

நம் உடம்பின் ஏழாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் பிழை ஏற்படுவதால் வருவது சி.எஃப். அந்த மரபணுவை 1989-இல் கண்டுபிடித்தார்கள். செல்களுக்கு உள்ளும் வெளியும் உப்பும் நீரும் போய்வரும் ஒரு வாசலை அமைப்பதுதான் அதன் வேலை. அந்த வாசல் சரியாகத் திறக்காவிட்டால், மூச்சுக்குழாயில் நீர்த்து ஓட வேண்டிய சளி, ஆறி ஏடு பிடித்த கஞ்சியைப் போலக் கெட்டியாகித் தங்கிவிடுகிறது. கணையத்தின் குழாய்களும் அடைபடுவதால் சாப்பிட்ட கொழுப்பு செரிக்காது. பிள்ளைக்கு நன்றாகப் பசிக்கும், நன்றாகச் சாப்பிடும், ஆனால் எடை ஏறாது. மலம் எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு போகும்.

அப்பா, அம்மா இருவரிடமும் பிழையான மரபணு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோர் இருவரும் நோயில்லாமல் நன்றாகவே இருப்பார்கள். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டிக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகாத நம் பக்கத்தில், இரண்டு பிழைகளும் ஒரே வீட்டில் சந்திப்பதற்கான வாய்ப்பு கூடுதல். யார் மீதும் குற்றம் சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த நோய் வருவதும் உண்டு. அதைப் பிறகு பேசுவோம்.

இந்தியாவில் இதை வெகுகாலம் வெள்ளைக்காரர்களின் நோய் என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1968-லேயே சண்டிகரிலிருந்து ஒரு நோயாளியைப் பற்றிய மருத்துவக் குறிப்பு வெளிவந்தும் அந்த நினைப்பு மாறவில்லை. பிள்ளைக்கு இருமல் விடாது, எடை ஏறாது என்றால் நம்மூர் கிளினிக்குகளில் முதலில் சொல்லப்படும் பெயர் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்'. ஆறு மாதம் டி.பி. மாத்திரை. அதிலும் சரியாகாவிட்டால் 'வீசிங்' என்று இன்ஹேலர். விருத்தாசலம் மாதிரி பீங்கான் ஊராக இருந்தால், களிமண் தூசு, சூளைப் புகை என்று காரணம் காட்டுவதும் சுலபம். பல பிள்ளைகளுக்குச் சரியான பெயர் தெரிய வருவதற்குள் நுரையீரல் பாதி கெட்டுப்போயிருக்கும்.

இத்தனைக்கும் இந்த நோயின் அடையாளம் தாயின் உதட்டிலேயே தெரியும். பிள்ளையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். 1948-இல் நியூயார்க்கில் அடித்த கடும் வெயிலில், மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் சி.எஃப். உள்ளவர்கள் அதிகம் இருப்பதைப் பார்த்துத்தான் டாக்டர் பால் டி சான்ட் ஆக்னீஸ் வியர்வை உப்பின் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் முதல் பரிசோதனை வியர்வைப் பரிசோதனைதான். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. நியூயார்க்கில் சில நாள் அடித்த வெயில் நம்மூரில் மாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கிறது. கோடையில் திடீரென்று துவண்டு விழும் கைக்குழந்தையைப் பார்த்தால், வியர்வையில் உப்பு முழுக்க வெளியேறிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் யோசிக்கும் டாக்டர் நமக்கு ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் வேண்டும்.

வெங்காயத்திலிருந்து வந்த கிருமி

கெட்டிப்பட்ட சளி, கிருமிகளுக்கு வசதியான வீடு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குழாய்த் தண்ணீர், சாக்கடை, ஈர மண் என்று எங்கும் இருப்பது. நாமெல்லாம் தினமும் சுவாசித்து வெளியேற்றிவிடுகிறோம். சி.எஃப். உள்ளவரின் நுரையீரலில் அது தங்கி, தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது. அதன்பின் ஆன்டிபயாடிக்குகளால் அதை அடக்கிவைக்கலாம், அடியோடு விரட்டுவது அரிது.

அதைவிட அஞ்சப்படுவது பர்க்ஹோல்டேரியா செபேசியா. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவர நோய்களை ஆராய்ந்த வால்டர் பர்க்ஹோல்டர், 1950-இல் வெங்காயத்தை அழுகவைக்கும் பாக்டீரியாவாக இதை விவரித்தார். மனிதருக்கு ஆபத்து என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் கனடாவின் டொரண்டோவில் சி.எஃப். நோயாளிகளிடம் இது பரவத் தொடங்கியது. சிலர் ஆண்டுக்கணக்கில் இதைச் சுமந்துகொண்டு நடமாடினார்கள். வேறு சிலருக்குத் திடீரென்று கடும் காய்ச்சல் வந்து, நுரையீரல் சில வாரங்களிலேயே செயலிழந்து, கிருமி ரத்தத்திலும் கலந்து உயிர் போனது. 1984-இல் டொரண்டோ மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள். 'செபேசியா சின்ட்ரோம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. தண்ணீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெற்றார்கள் என்றே பலர் நம்பினார்கள். நோயாளிகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று நம்ப யாருக்கும் மனம் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சி.எஃப். பிள்ளைகளுக்கென்றே கோடைக்கால முகாம்கள் நடந்துகொண்டிருந்தன. வருஷம் முழுக்க மருந்தோடும் இருமலோடும் தனியாகக் கிடக்கும் பிள்ளைகளுக்கு, தன்னைப் போலவே இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிவதே அங்கேதான். அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க யாருக்குத் துணிவு வரும்?

1993-இல் எடின்பரோ ஆய்வாளர் ஜான் கோவனும் உடன் உழைத்தவர்களும் 'லான்செட்' இதழில் ஆதாரத்தை வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே பழகியதாலேயே ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு செபேசியா போயிருந்தது. எடின்பரோவிலும் டொரண்டோவிலும் பரவியது ஒரே வழித்தோன்றல் என்பதும் தெரிந்தது. முகாம்கள் மூடப்பட்டன. சேர்ந்து விளையாடிய பிள்ளைகளில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மற்றவர்கள் நண்பர்களை இழந்தார்கள். மருத்துவ வரலாற்றில் இத்தனை வலியோடு எடுத்த முடிவுகள் குறைவு. ஆனாலும் எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்து லிவர்பூல். அங்குள்ள ஆல்டர் ஹே குழந்தைகள் ஆஸ்பத்திரியின் சி.எஃப். கிளினிக்கில், மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோரிடம் இருந்தது ஒரே ரகம் என்று 1996-இல் தெரியவந்தது. எங்கும் இருக்கும் கிருமிதானே, வழியில் எங்கேயோ ஒட்டியிருக்கும் என்ற சமாதானம் அத்தோடு உடைந்தது. டென்மார்க் ஒரு படி முன்னால் யோசித்திருந்தது. கோபன்ஹேகன் மையம் 1981-லேயே சூடோமோனாஸ் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வேறு வேறு நாளில் வரச்சொல்லத் தொடங்கியிருந்தது.

பிறகு அதுவும் போதாது என்று தெரிந்தது. ஒரே கிருமி உள்ளவர்கள் என்று ஒன்றாக உட்காரவைத்தால், அந்தக் கிருமியின் சாதுவான ரகம் உள்ளவருக்கு மோசமான ரகம் உள்ளவரிடமிருந்து தொற்றுகிறது. ஆகவே யாரும் யாரோடும் சேர வேண்டாம் என்பதுதான் இப்போதைய விதி. அமெரிக்க சி.எஃப். அறக்கட்டளையின் வழிகாட்டி 2003-இல் மூன்றடி இடைவெளி கேட்டது, அடுத்த பத்தாண்டில் அதை ஆறடி ஆக்கியது. 2014-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் குழு ஒன்று, சி.எஃப். நோயாளி இருமிய காற்றில் சூடோமோனாஸ் நான்கு மீட்டர் தூரம் வரை போவதையும், 45 நிமிடம் கழித்தும் உயிரோடு இருப்பதையும் காட்டியது. பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து போய், இன்னொருவர் வந்து உட்கார அரை மணிகூட ஆவதில்லை.

டி.பி. கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் கதை இன்னும் புதியது. இங்கிலாந்தின் பாப்வொர்த் ஆஸ்பத்திரியில் 31 நோயாளிகளின் கிருமிகளை முழு மரபணு அளவில் ஒப்பிட்டு, அதில் ஒரு பகுதியினருக்குள் அது கைமாறியிருந்ததை 2013-இல் காட்டினார்கள். நேருக்கு நேர் சந்தித்தே இராத நோயாளிகளுக்கும் போயிருந்தது. காற்று வழியாகவோ, தொட்ட பொருள் வழியாகவோ போயிருக்க வேண்டும்.

சென்னை உலகுக்குச் சொன்னது

இந்த இடத்தில் ஒரு தமிழ்நாட்டுச் சம்பவத்தை நினைத்துக்கொள்கிறேன். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். டி.பி. வந்தால் சானடோரியத்தில் ஒரு வருஷம் அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். சென்னைக் குடிசைகளில், நெருக்கமான வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959-இல் அந்த மையம் அறிவித்தது. சிகிச்சை எடுப்பவர் வீட்டில் இருப்பதால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதையும் காட்டியது. டி.பி. சிகிச்சையில் உலகமே அதன் பின் பாதை மாறியது.

நோயாளியை யாரிடமிருந்து விலக்க வேண்டும் என்ற கேள்வியை அன்றைக்கே ஆதாரத்தோடு கேட்டது நம் ஊர். சி.எஃப். விஷயத்தில் அதே கேள்விக்குப் பதில் இன்னும் தெளிவாக இருக்கிறது. வீட்டாரிடமிருந்து பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. லிவர்பூல் ரகம் ஒரு நோயாளியின் பெற்றோருக்குத் தொற்றியதாக எழுதப்பட்டது உண்டு, ஆனால் அது அபூர்வம். பள்ளிக்கூடத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை. பந்தியில் தனி இலை போட வேண்டியதில்லை. அப்படிச் செய்வது வீண் கொடுமை. இன்னொரு சி.எஃப். நோயாளியிடமிருந்து மட்டும் விலகியிருந்தால் போதும். அவர்கள் இருவரும் சந்திக்கும் இடமோ, அநேகமாக ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

நம் ஆஸ்பத்திரி ஏற்பாடு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. ஒரு நோய்க்கு ஒரு நாள் என்பதுதான் நம்முடைய ஸ்பெஷல் கிளினிக் முறை. சர்க்கரைக்கு ஒரு நாள், வலிப்புக்கு ஒரு நாள். கூட்டத்தைச் சமாளிக்க நல்ல முறை. சி.எஃப். பிள்ளைகளை ஒரே நாளில் வரச்சொன்னால், மாநிலம் முழுவதும் சிதறிக் கிடந்தவர்களை நாமே கொண்டுவந்து ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது போலாகும். அட்மிஷன் போட்டாலும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே கழிவறை, ஒரே பிசியோதெரபி பாய். வார்டில் அம்மாக்கள் நல்ல மனசோடு ஒருவர் பிள்ளையை ஒருவர் மடியில் வைத்துக்கொள்வார்கள், ஒரே டம்ளரில் பால் ஆற்றிக் கொடுப்பார்கள். அந்த அன்புக்கு நடுவில்தான் கிருமி கைமாறுகிறது. அவர்களிடம் யாரும் சொல்லாதது அவர்களின் குற்றமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நோயாளி வந்ததும் காத்திருக்கும் கூடத்தில் உட்காரவைக்காமல் நேரே ஓர் அறைக்கு அனுப்பலாம். நோயாளி அறை அறையாக அலைவதற்குப் பதில் டாக்டரும் டயட்டீஷியனும் பிசியோதெரபிஸ்ட்டும் அந்த அறைக்கு வரலாம். போனில் நேரம் குறித்துக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும் வரை மாஸ்க். கொரோனாவுக்குப் பின் மாஸ்க் போட்டவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை என்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரு சின்ன ஆறுதல். நுரையீரல் திறன் பார்க்கும் ஸ்பைரோமீட்டருக்கு ஒவ்வொருவருக்கும் தனி ஃபில்டர். செபேசியா உள்ளவருக்கு அன்றைய கடைசி நேரம். இதைக் கேட்கும் பெற்றோருக்கு மனம் நோகும். அதனால் காரணத்தைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை.

ஒரே மாஸ்க், பத்துப் பிள்ளைகள்

நெபுலைசரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன ஊர் கிளினிக்குகளில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஒரு மேஜை, ஒரு மெஷின், அதில் ஒரு பிளாஸ்டிக் மாஸ்க். ஒரு பிள்ளைக்கு 'புகை வைத்து' முடித்ததும், மாஸ்க்கைப் பஞ்சால் ஒரு துடை துடைத்து அடுத்த பிள்ளையின் மூக்கில் வைப்பார்கள். மருந்து ஊற்றும் கிண்ணத்தில் முந்தையவரின் மிச்சம் ஈரமாக அப்படியே இருக்கும். சாதாரண வீசிங் உள்ள பிள்ளைக்கே இது கூடாது. சி.எஃப். உள்ள பிள்ளைக்கோ, கிருமியைப் புகையாக்கி நேரே நுரையீரலுக்குள் அனுப்புவதற்குச் சமம்.

சொந்த மெஷின் இருந்தாலும் கழுவும் முறை முக்கியம். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் தனித்தனியாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு கொதிக்கும் நீரில் ஐந்து நிமிஷம் போட்டு எடுக்க வேண்டும், மாஸ்க் கொதிநீரைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொண்டு. எடுத்த பின் குழாய்த் தண்ணீரில் மறுபடி அலசக் கூடாது. சுத்தமான துணியில் வைத்து முழுக்கக் காயவிட வேண்டும். வினிகர் போதாது. ஈரம்தான் இந்தக் கிருமிகளுக்கு உயிர்.

ஆஸ்பத்திரிகள் நம்பும் கிருமிநாசினியும் எப்போதும் காப்பாற்றாது. பர்க்ஹோல்டேரியா, பென்சல்கோனியம் குளோரைடு போன்ற கிருமிநாசினிக்குள்ளேயே உயிர் பிழைத்திருந்து, அதன் வழியாகவே நோயாளிகளுக்குத் தொற்றியது பல நாடுகளில் நடந்திருக்கிறது. பழைய புட்டி காலியாகும் முன்பே அதன் மேல் புதிதை ஊற்றி நிரப்பும் பழக்கத்தை நம் வார்டுகளில் எங்கும் பார்க்கலாம். அதை விட்டுவிட வேண்டும். 2023-இல் சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்பனையான கண் சொட்டு மருந்தோடு, மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் ரகம் ஒன்றை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடர்புபடுத்தியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் சி.எஃப். நோயாளிகள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கிருமியின் மரபணுவைப் பார்த்து அது வந்த வழியைப் பிடிக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் ஊரில் ஒரு வார்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கிருமி வந்தால், அது ஒரே ரகமா என்று கேட்கும் வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

அண்ணனும் தங்கையும்

எல்லா விதியும் தோற்கும் இடம் வீடு. அண்ணனுக்கும் தங்கைக்கும் சி.எஃப். என்றால் ஆறடிக்கு எங்கே போவது? ஒரே அறை, ஒரே பாய், ஒரே ஃபேன். இருவரையும் பிரித்து வையுங்கள் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. முடிந்ததைச் செய்யலாம். தனித்தனி நெபுலைசர் கிண்ணம், தனித்தனி பல் துலக்கும் பிரஷ், தனித்தனி தண்ணீர் பாட்டில். முதுகில் தட்டிச் சளி வெளியேற்றும் பிசியோதெரபியை ஒருவருக்குத் திண்ணையில், ஒருவருக்கு உள்ளே, வேறு வேறு நேரத்தில் செய்யலாம். நம் பக்கத்து வீடுகளில் திண்ணையும் முற்றமும் வாசல் காற்றும் இருப்பது இங்கே உண்மையிலேயே உதவுகிறது.

வெளியூர்க் குடும்பங்களோ ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது என்ற நிலை. கூட்டம் போட முடியாது. பிள்ளைகளை விளையாட விட முடியாது. அந்தத் துக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் மட்டும் சந்திக்கலாம், தடையில்லை. பிள்ளைகளுக்கு வீடியோ கால் இருக்கிறது. எந்த மருந்து எங்கே கிடைக்கிறது, கணைய நொதி மாத்திரை என்ன விலை, கோடையில் மோரில் எவ்வளவு உப்பு என்பதையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்ளலாம்.

டிரைகாஃப்டா என்ற மருந்து 2019-இல் அமெரிக்காவில் வந்தபின் அங்கே பலருடைய வாழ்க்கை மாறிவிட்டது. அதன் விலை அங்கே ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கும் மேல். ஐரோப்பியரிடம் மிகப் பரவலாக உள்ள மரபணுப் பிழை இந்திய நோயாளிகளிடம் குறைவாகவே காணப்படுவதால், மருந்து கைக்கு எட்டினாலும் நம்மில் எல்லோருக்கும் பயன்படும் என்று சொல்ல முடியாது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு, இருக்கும் நுரையீரலைக் கெடாமல் காப்பாற்றுவதே இன்றைய வைத்தியம். தொற்றைத் தடுப்பது அதில் பாதி.

அதற்கு முதல் தேவை, யாரிடம் எந்தக் கிருமி இருக்கிறது என்று தெரிவது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சளியைக் கல்ச்சர் செய்ய வேண்டும். இருமித் துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைக்குத் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுப்பார்கள். சாதாரண லேப்களில் செபேசியாவை வேறு ஏதோ சூடோமோனாஸ் என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை, ஏனென்றால் அதற்கென்று தனி வளர்ப்பு ஊடகம் வேண்டும், பெயரை உறுதி செய்யத் தனிச் சோதனையும் வேண்டும். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் போகக்கூடிய சிதம்பரம், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் நுண்ணுயிரியல் துறைகளில் இந்த இரண்டும் இருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் கிருமியின் முழுப் பெயர் எழுதப்பட வேண்டும் என்று சுகாதாரத் துறையிடம் கேட்கிறோம். அந்த ரிப்போர்ட் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலும் ஒட்டப்பட வேண்டும், அடுத்த முறை பிள்ளையை எந்த அறைக்கு, எந்த நேரத்துக்கு அழைப்பது என்று முடிவு செய்யும் நர்ஸின் கையிலும் இருக்க வேண்டும்.